ரமாபாயின் பெட்டியில் ஆக்கிரமிப்பு

கணினி தகராறு செய்தால் ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பது உலக வழக்கம். கல்மண்டபத்தில் இருக்கும் வடமண்டல இல்லக் கணினி மற்றும் மடல் குறைதீர் நிலையத்தில் முதலில் கடப்பாரையால் ஒரு இடி. பிறகுதான் பெயர், முகவரி.

இதற்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. 'வீட்டுக்கொரு கணினி, ஆளுக்கொரு மடல்பெட்டி' என்று ஒரு திட்டம் வந்தது. வியாசர்பாடியிலிருந்து எண்ணூர்வரை எல்லாக் குடியிருப்புகளிலும் கணினிகள் வந்து இறங்கின. இறங்கிய மறுவாரமே பழுதாயின. பழுது பார்க்க ஆள் இல்லை. அதே மாதத்தில் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு ஒன்றைக் கலைத்துவிட்டதால் நாற்பத்தொரு பேர் இடிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனது. நாற்பத்தொரு பேரும் கடப்பாரை, சம்மட்டி, ஒலிபெருக்கி, ஒரு ஜேசிபி சகிதம் நிலையத்துக்கு மாற்றப்பட்டார்கள். பயிற்சி தரப்படவில்லை. வேலை தெரிந்தவர்கள் என்று கோப்பில் எழுதியிருந்தது.

செங்குட்டுவன் அங்கே போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வயது முப்பத்தொன்று. பி.எஸ்சி. இயற்பியல். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வெளியே போகும் வண்டிகளுக்கு கேட் பாஸ் எழுதும் வேலை, மதியம் இரண்டு மணி ஷிப்ட். மனைவி ரமாபாய் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலை, காலை எட்டேகால், ஷேர் ஆட்டோவுக்காக நின்றவள்மேல் டிரெய்லர். எந்த யார்டு வண்டி என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

அவளுக்குத் தையல் யூனிட்டில் பகல் வேலை. அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிறு தவிர முகம் பார்ப்பது அபூர்வம். யூனிட்டுக்குள் போன் கூடாது. சாப்பாட்டு இடைவேளையில் சூப்பர்வைசரின் கணினியில் மடல் மட்டும் பார்க்கலாம். ஆகவே குடும்பம் மடலில் நடந்தது. கேஸ் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் கலீஜாக வருகிறது. கொடியில் சட்டை கிடக்கிறது, மழை வந்தால் எடு. அவனுக்குச் சாப்பிடாமலேயே சாப்பிட்டேன் என்று சொல்லும் பழக்கம் இருந்தது. ஒருநாள் அவள் விதி போட்டாள். மதியம் சோறு போட்ட தட்டைப் படம் எடுத்து மடலில் அனுப்ப வேண்டும். பார்த்தால்தான் நம்புவாள்.

அவள் போன பிறகும் அவன் அனுப்பிக்கொண்டிருந்தான். தட்டு, படம், கீழே ஒரு வரி, அனுப்பு. பிறகு சாப்பாடு. அனுப்பாமல் கை சோற்றில் இறங்குவதில்லை. இருநூற்று நாற்பத்தேழு தட்டுகள் போயின. அதற்கு அடுத்தது திரும்பி வந்தது.

'பெறுநரின் பெட்டி நிரம்பியுள்ளது. இடம் காலியான பின் மீண்டும் முயலவும்.'

மறுநாள் முயன்றான். அதற்கு மறுநாளும். மூன்று நாள் மதியச் சோறும் காக்கைக்குப் போனது. நான்காம் நாள் யார்டு கேட்டில் பாஸ் புத்தகத்தோடு கண் இருட்டி, உருண்டுவந்த டிரெய்லரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தான். டிரைவர் இறங்கி, காலரைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"வூட்ல சொல்லிகினு வந்தியாடா, சாவுகிராக்கி?"

சொல்ல முடியவில்லை. பெட்டி நிரம்பியிருந்தது. மறுநாள் காலை நிலையத்துக்குப் போனான்.

கணினியைக் கொண்டுவந்தால்தான் புகார் எடுப்பார்கள். ரமாபாயின் துப்பட்டாவில் மானிட்டரைக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். முன்னால் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள்.

"இன்னா நைனா, பச்சப் புள்ளையத் தூக்கினு வர மாறி வர்றே? கீய வை. எப்டியும் ஒடைக்கத்தான் போறானுங்கோ."

"பெட்டி நிரம்பிடுச்சும்மா. காலி பண்ணணும்."

"ஒனுக்குப் பொட்டி ரொம்பிப் போச்சு. எனுக்குப் பொட்டியே இல்ல. மூணு வருசமா குந்திகினுகீறேன். எம் பொண்ணு மகிமாவுக்குக் காலேஜு பரிச்ச சீட்டு மடல்லதான் வருமாம். இந்த வாரத்துக்குள்ள பொட்டி இல்லன்னா பரிச்ச இல்லன்றான். கேட்டா, காலி எடம் இல்ல, யாராவது காலி பண்ணாத்தான் குடுப்பேன்றான். பொட்டியில இன்னாடா எடம்? அது இன்னா பர்மா பஜாரு கடையா?"

வரிசை நகர்ந்தது. வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் தாவூது பாய்க்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. அவரை 'நினைவூட்டல் அறை' என்று எழுதியிருந்த அறைக்குள் அழைத்துப் போனார்கள். இரண்டு நிலைச் சரிபார்ப்பு என்று சுவரில் விளக்கம் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து முதல் நிலையின் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இரண்டாம் நிலை. பாய் உதடு கிழிந்து வெளியே வந்தார். அவருக்குத் தன் கடவுச்சொல் மட்டுமல்லாமல் மச்சான் தவ்ஃபீக்கின் கடவுச்சொல்லும், நாலாம் வகுப்பில் தன் சிலேட்டை உடைத்தவன் பெயரும் நினைவுக்கு வந்திருந்தன. மூன்றையும் பதிவு செய்துகொண்டார்கள்.

"மறதிக்கு நல்ல மருந்துதான்" என்றார் பாய், ஒரு பல்லைக் கைக்குட்டையில் மடித்தபடி. "ஆனா இனி மறக்கவும் பயமா கீது, ஞாபகம் வச்சிக்கவும் பயமா கீது."

அடுத்து சொக்கம்மாள். திருவொற்றியூரில் டியூஷன் நடத்துபவர். அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டது. சிக்கிய பொருளை எடுக்க நிலையத்திடம் ஒரே கருவிதான் இருந்தது. ஜேசிபி பின்வாங்கி, முன்வந்து, கையை இறக்கியது. தாள் கசங்காமல் வெளியே வந்தது. அச்சுப்பொறி வரவில்லை. திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் கழிப்பறைச் சுவரையும் எடுத்துக்கொண்டது. இடிபாட்டிலிருந்து ஒருவரைக் கால் பிடித்து இழுத்தார்கள். அவர் புகார்தாரர் அல்லர் என்பதால் பதிவேட்டில் ஏறவில்லை.

சொக்கம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். "இது என்னோடது இல்லையே" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

செங்குட்டுவனின் கணினிக்கு வந்தவர் குணசேகரன். ஐம்பது வயது. கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, துப்பட்டாவை மடித்து அவனிடமே கொடுத்தார். மானிட்டர்மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"பிரச்சினை கணினில இல்ல சார். பெட்டியில."

"தெரியும் நைனா. மொத போடு எல்லாத்துக்கும் பொதுவானது. ரூலு." இடித்தார். கண்ணாடி செங்குட்டுவனின் முன்கையில் மூன்று இடத்தில் ஏறியது. குணசேகரன் அதைப் பொறுமையாகப் பிடுங்கினார். "எரியுதா?"

"இல்ல."

"எரியும். அப்பால." கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். "நானு எங் வூட்டையே இடிச்சவன். கால்வா ஓரம் இருந்துச்சு. லிஸ்ட்டுல பேரு வந்துச்சு. பொண்டாட்டி உள்ள சோறு வடிச்சிகினு இருந்தா. பத்து நிமிசம் குடுத்தேன். பாஞ்சு நிமிசம் கேட்டா. ரூல்ல பத்துதான்."

"அப்புறம்?"

"கஞ்சியோட இடிச்சேன். நல்ல வேலக்காரன்னு சர்ட்டிபிகேட் குடுத்தாங்கோ. மாட்டி வைக்கத்தான் செவுரு இல்ல."

உதவி இயக்குநர் டில்லிபாபுவின் அறையில் ஒரு புதுக் கணினி இருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் உறை. அது வந்த நாளிலிருந்தே ஓடவில்லை. நிலையத்தின் பதிவேட்டில் புகார் எண் ஒன்று அதுதான். மேலதிகாரியின் பொருளை எப்படி இடிப்பது என்று யாருக்கும் தெளிவில்லாததால் மூன்று ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. டில்லிபாபு அதன்மேல் தொப்பியை வைத்திருந்தார்.

"உக்காருங்க தம்பி. ரத்தத்தை மேசையில வைக்காதீங்க. நான் இருபத்திரண்டு வருஷம் ஆக்கிரமிப்பு அகற்றினவன். இங்க மாத்துனப்போ என் சம்சாரம்கூட பயந்துச்சு, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதேன்னு. நான் சொன்னேன், எனக்குக் குடிசையும்தான் தெரியாது. உள்ள யாரு இருக்கா, எப்படி வாழுறான், என்ன சமைக்கிறான், எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டா இடிக்க முடியாது. அதே முறைதான் இங்கயும். மூணு வருஷத்துல பதினோராயிரம் புகார். ஒருத்தர்கூட ரெண்டாவது தடவை வரல. வந்து பாருங்கன்னு சொன்னாக்கூட வர்றதில்ல. அவ்வளவு திருப்தி."

"என் மனைவியோட பெட்டி நிரம்பிடுச்சு. கொஞ்சம் இடம் பண்ணிக் குடுத்தா போதும்."

"உரிமையாளர் வரணும்."

"இறந்துட்டாங்க."

"சான்றிதழ்?"

கொடுத்தான். டில்லிபாபு அதைத் தொடவில்லை.

"காகிதம் செல்லாது. இறப்புச் சான்றை உரிமையாளர் தன் சொந்தப் பெட்டியிலிருந்து மடலா அனுப்பணும். இல்லேன்னா எவனோ ஒருத்தன் உயிரோட இருக்கிறவங்களைச் செத்துட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவான் பாருங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"அவங்க எப்படி அனுப்புவாங்க?"

"அது அவங்க பொறுப்பு. நாங்க தலையிட மாட்டோம்." படிவம் ஒன்றை உருவினார். "கவலைப்படாதீங்க. வேற வழி இருக்கு. பெட்டி ஏன் நிரம்புது? எவனோ உள்ள பூந்து இடத்தை வளைச்சிருக்கான். ஆய்வு பண்ணுவோம். ஆக்கிரமிச்சவன் எவனா இருந்தாலும் சரி, எம்.எல்.ஏ. மச்சானா இருந்தாலும் சரி, தூக்கிடுவோம். உங்களுக்கு இடம் வேணும், அவ்வளவுதானே?"

"ஆமா."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டான்.

ஆய்வு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் அழையா மடல்களை எடுத்தார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று ரமாபாய்க்கு எழுதியிருந்த மீஞ்சூர்க்காரர் ஒருவரின் வீட்டுக்கு எட்டுப் பேர் வேனில் போய், இரண்டு காலையும் உடைத்துவிட்டு வந்தார்கள். அவர் உண்மையிலேயே குக்கர் ஒன்றைப் பரிசாக வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. குக்கரும் நிலையத்துக்கு வந்தது. சான்றுப் பொருள் என்பதால் அதையும் இடித்தார்கள். அப்படியும் பெட்டி நிரம்பியே இருந்தது.

இரண்டாம் நாள் ஆக்கிரமிப்பாளர் பிடிபட்டார். விதிப்படி அவருக்கு நோட்டீஸ் போனது. ஒரு நகல் பெட்டியின் உரிமையாளருக்கும் போனது. ரமாபாயின் பெட்டி நிரம்பியிருந்ததால் அது திரும்பி வந்தது. 'உரிமையாளர் நோட்டீஸைப் பெற மறுத்தார்' என்று கோப்பில் குறித்தார்கள்.

முதல் நோட்டீஸ் செங்குட்டுவனின் பெயருக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்து முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். இடிப்பு நாள் என்றால் அங்கே கூட்டம் சேரும். தாவூது பாய் வீங்கிய உதட்டோடு வந்திருந்தார். பச்சையம்மா கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். கிடங்கின் வெள்ளைச் சுவரில் படம் காட்டும் கருவியால் ரமாபாயின் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். எட்டு மாதமாக அவன் நுழைய முடியாத இடம். பத்தடி உயரத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது.

டில்லிபாபு ஒலிபெருக்கியை எடுத்தார்.

"பொதுமக்களே! ஒரு ஏழைப் பெண்ணுக்கு அரசு கொடுத்த பெட்டி இது. அந்தம்மா இப்ப இல்ல. இல்லாத நேரம் பார்த்து ஒரு ஆளு உள்ள குடியேறியிருக்கான். எதை வச்சு? சோத்துத் தட்டை வச்சு! இருநூத்தி நாப்பத்தேழு தட்டு! ஒண்ணுகூடத் திறக்கப்படல. ஒண்ணுக்குக்கூடப் பதில் இல்ல. பதில் வராத இடத்துல ஒருத்தன் எட்டு மாசம் இருந்திருக்கான்னா அவன் எவ்வளவு பெரிய கேடியா இருக்கணும்?"

எழுத்தர் ஒவ்வொன்றாகத் திறந்தார். டில்லிபாபு படித்தார்.

"தட்டு ஒன்று. சோறு, ரசம். கீழே வாசகம்: 'சாப்பிடறேன்.' தட்டு இரண்டு. சோறு, ரசம். வாசகம்: 'இன்னைக்கு கரண்ட் இல்ல.' தட்டு மூன்று. சோறு, ரசம். 'உன் சிவப்புப் புடவைய உங்கம்மா கேட்டாங்க. குடுக்கல.' தட்டு நான்கு. சோறு. ரசம் இல்லை."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பதினைந்தாவது தட்டில் குறைந்தது. முப்பதாவது தட்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. தாவூது பாய் மட்டும், "டெய்லி ரசமா?" என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

"ஆக்கிரமிப்பாளர் என்ன சொல்ல விரும்புகிறார்?" என்று டில்லிபாபு ஒலிபெருக்கியை நீட்டினார்.

"நான்தான் புகார் கொடுத்தவன்" என்றான் செங்குட்டுவன்.

"தன்மேலயே புகார் கொடுத்த நேர்மையைப் பாராட்டுறோம். விதிப்படி பத்து நிமிஷம். எடுக்க வேண்டியதை எடுத்துக்கங்க."

பென் டிரைவ் கொண்டுவந்திருந்தான். உள்ளே கிருமி இருக்கக்கூடும் என்று வாசலிலேயே சம்மட்டியால் தட்டிவிட்டார்கள். போனை நீட்டினான், இடிப்பிடத்தில் படம் எடுக்கத் தடை. சட்டைப்பையில் கேட் பாஸ் புத்தகம் இருந்தது. எடுத்தான். வெளியே போகிற எதற்கும் பாஸ் எழுதுவதுதான் அவன் தொழில். வண்டி எண் என்ற இடத்தில் தட்டின் எண். சரக்கு என்ற இடத்தில் சோறு, ரசம். குறிப்பு என்ற இடத்தில் அவன் எழுதிய வரி. கிழித்தான். அடுத்தது. முன்கைக் காயம் திறந்து தாளில் சொட்டியது. எரிந்தது. குணசேகரன் சொன்னது சரிதான்.

பச்சையம்மா எழுந்துவந்து பக்கத்தில் நின்று, கிழித்த தாள்களைப் பறக்காமல் பிடித்துக்கொண்டாள். "ஜல்தி எய்து நைனா. நானு கீறேன்ல."

பத்து நிமிடத்தில் பத்தொன்பது பாஸ் ஆனது.

சங்கு ஊதினார்கள். எழுத்தர் பொத்தானை அழுத்தினார். அழுத்தினால் போதும் என்பது நிலையத்தில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் கடப்பாரை விழாமல் எதுவும் அகற்றப்பட்டதாக விதி ஒப்புக்கொள்வதில்லை. குணசேகரன் சுவரை நெருங்கினார். தட்டுகளின் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது, திரும்பியபோது முகத்தில் விழுந்தது. சோற்றுக்கு நடுவே இடித்தார். செங்கல் தெறித்தது. ஒவ்வொரு இடிக்கும் பத்துப் பத்துத் தட்டுகள் மறைந்தன. ஒரு செங்கல் பந்தல்காரரின் நெற்றியில் பட்டு அவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். கடைசி இடியில் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. தூசி அடங்கியபோது அங்கே சுவரும் இல்லை, தட்டும் இல்லை. ஓட்டை வழியாக மீன் லாரிகள் தெரிந்தன.

டில்லிபாபு கைதட்டினார். நாற்பது பேர் கைதட்டினார்கள். குணசேகரன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

டில்லிபாபு மறுபடி ஒலிபெருக்கியை எடுத்தார். "காலி பண்ண இடத்தை காலியா விடக்கூடாது. விட்டா மறுபடி எவனாவது குந்திடுவான். உடனே ஒதுக்கீடு. காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெயர், பச்சையம்மா!"

பச்சையம்மா கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். "இந்தப் பொட்டி வோணாம் சார். வேற குடு."

"வேற கிடையாது. வேணாம்னா பட்டியலில் கடைசிக்குப் போயிடுவீங்க. மறுபடி மூணு வருஷம்."

"எம் பொண்ணு பரிச்ச திங்கக்கெயம சார்."

"அதான் சொல்றேன். வாங்கிக்கங்க. புகைப்படம் எடுக்கணும், சிரிங்க."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியின் கடவுச்சொல் இருந்த உறையை வாங்கிக்கொண்டாள். தாள்களைச் செங்குட்டுவன் சட்டைப்பையில் அவளே வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

டில்லிபாபுவின் மேசையை முற்றத்துக்கே கொண்டுவந்திருந்தார்கள், அதன்மேல் உறை போட்ட கணினியும் தொப்பியும் இருந்தன. திருப்திச் சான்றில் கையெழுத்து வாங்க வேண்டும்.

"தம்பி, உங்க குறை என்ன? பெட்டி நிரம்பிடுச்சு. இப்ப என்ன நிலை? காலி. ஒரு மடல்கூட இல்ல. குறை தீர்ந்துச்சா, இல்லையா? உணர்ச்சிவசப்படாம சொல்லுங்க. நான் இத்தனை வருஷத்துல ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டதில்ல. குழந்தை உள்ள தூங்குதுன்னு சொல்வாங்க. தூங்கட்டும்னு சொல்லுவேன். சத்தமில்லாம இடிப்போம். பேனா இருக்கா?"

குணசேகரன் பதிவேட்டில் கையெழுத்திடுவதற்காகக் கடப்பாரையை மேசையில் சாய்த்திருந்தார். பேனாவும் கடப்பாரையும் ஒரே தூரத்தில் இருந்தன.

முதல் இடி கணினியின்மேல் விழுந்தது. மூன்று ஆண்டுப் பிளாஸ்டிக் உறை கிழியாமல் உள்ளே மட்டும் நொறுங்கியது. இரண்டாவது மேசையைப் பிளந்தது. மூன்றாவது டில்லிபாபுவின் இடது தோளில் இறங்கியது. காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம். அவர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். நான்காவது கீழே உருண்டுகிடந்த அவர் தொப்பியின்மேல் விழுந்தது. ஐந்தாவதுக்கு ஓங்கியபோது கை தூக்கவில்லை. ஏழு நாளாக மதியச் சாப்பாடு இல்லை. எட்டாவது நாள் அது. கடப்பாரையைக் கீழே வைத்தான்.

யாரும் அவனைப் பிடிக்கவில்லை. நாற்பது பேரும் தொழில்முறையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடி சரியா கீது" என்றார் குணசேகரன்.

தரையில் கிடந்த டில்லிபாபு தலையைத் திருப்பி நொறுங்கிய கணினியைப் பார்த்தார். தோள் எலும்பு சட்டையைத் துருத்திக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

"எழுதிக்கங்க. புகார் எண் ஒன்று. மூணு வருஷ நிலுவை. இன்று தீர்க்கப்பட்டது. வாடிக்கையாளர் பங்கேற்பு." எச்சிலோடு ரத்தத்தைத் துப்பினார். "தம்பி, படிப்பு என்ன? பி.எஸ்சி.யா? இங்க நாப்பத்திரண்டாவது பணியிடம் ஒண்ணு காலியா இருக்கு. காலியா விடக்கூடாது. யோசிங்க."

ஆம்புலன்சில் ஏற்றும்போதும் வலது கையால் கைதட்ட முயன்றார்.

செங்குட்டுவன் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தான். மணி பன்னிரண்டரை. குக்கரை வைத்தான். ரசம் வைத்தான். தட்டில் போட்டான். படம் எடுத்தான், வெட்டுப்பட்ட முன்கையும் ஓரத்தில் விழுந்திருந்தது. கீழே 'சாப்பிடறேன்' என்று எழுதி அனுப்பினான். அது யாருடைய பெட்டி என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. அதற்கு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

மடல் திரும்பி வரவில்லை.

கை சோற்றில் இறங்கியது. இரண்டு கவளம் போயிருக்கும். போன் ஒலித்தது. அனுப்புநர்: ரமாபாய்.

'சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கும். அவசரத்துல சரியா போடல. போட்டுக்கோ. சாப்ட்டு படம் போடு. பொய் சொன்னா கொன்னுடுவேன்.'

கவளம் விரலிலேயே நின்றது. அந்தச் சாம்பார் நினைவிருந்தது. விபத்தன்று காலை மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் திரும்பியபோது நுரைத்துப் புளித்திருந்தது. பாத்திரத்தோடு கீழே கொட்டினான்.

போன் மறுபடி ஒலித்தது. அதே பெயர்.

'நைனா, நானு பச்சையம்மா. மகிமா அடிக்குது, நானு சொல்றேன். எல்லாத்தையும் இடிச்சானுங்கோ, ஆனா உள்ள மூலையில அனுப்பாத லெட்டர் ஒண்ணு தப்பிச்சி கெடந்துச்சு. உம் பேரு போட்டுகீது. கரண்டு கட்டாயிருக்கும், பாதில நின்னு போயிருக்கும்னு மகிமா சொல்லுது. அடுத்தவுங்கோ லெட்டரு எனுக்கு இன்னாத்துக்கு. அனுப்பிட்டேன். அப்பால இன்னொண்ணு. இன்னா தட்டு இது? வெறும் ரசம். நாளைக்கு காசிமேட்டாண்ட வா, நெத்திலி தரேன். கைக்குக் கட்டுப் போடு. நாளைக்கும் இதே தட்ட அனுப்புனே, கூடையோட வூட்டுக்கு வந்து மொத்துவேன், சொல்லிட்டேன்.'

இரண்டு மடலையும் ஒருமுறை படித்தான். முதலாவதை மறுபடி படித்தான்.

தட்டில் இருந்தது ரசம். உப்பு சரியாகத்தான் இருந்தது. எழுந்துபோய் டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டான்.